காணாமல் போன கம்பெனிக் குதிரைப்படை

அத்தியாயம் 5

போரில் தோற்ற ராஜாக்களைக் காளீஸ்வரி பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள். போருக்கு முந்தின நாள் மத்தியானமே தோற்றுப்போன ஒரு தளபதியை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள். இடம், திருச்சுழியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடம்.

தளபதியின் பெயர் முஸாஃபர். அருப்புக்கோட்டைக்காரர். பதினாலு வருஷம் வளைகுடாவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். மற்றவர்கள் அங்கிருந்து வரும்போது அத்தர், கம்பளி, பெரிய டிவி என்று கொண்டுவருவார்கள். இவர் விரல் உயரத்தில் அறுநூறு பிளாஸ்டிக் சிப்பாய்களைக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பிள்ளைக்கா என்று கேட்டாராம். எனக்குத்தான் என்று இவர் சொல்ல, அவர் அனுதாபத்தோடு மூடிக் கொடுத்தாராம்.

விளையாட்டு இதுதான். மேசை மேல் காடு, மலை, கண்மாய் எல்லாம் சின்னதாகச் செய்து வைப்பது. இரண்டு பக்கமும் சிப்பாய்களை நிறுத்துவது. தாயக்கட்டையை உருட்டி, இஞ்ச் டேப்பால் அளந்து, ஒவ்வொரு படையாக நகர்த்தி, இருநூறு வருஷத்துக்கு முந்தின சண்டையை மறுபடியும் போட்டுப் பார்ப்பது. நாளைக் காலை பத்து மணிக்குப் பாளையக்காரர் படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் போர். மதுரை, கோவை, பெங்களூரிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். நடத்துவது ‘அருப்புக்கோட்டைப் போர்க்கள வட்டம்’. அதன் தலைவரும் செயலாளரும் முஸாஃபரே. உறுப்பினர் அவருடைய மனைவி ஷர்மிளா பானு. எதற்கென்று சொல்லாமலே அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். நாளைக்கு முகூர்த்த நாள் என்பதால் அருப்புக்கோட்டையில் மண்டபம் கிடைக்கவில்லை. கம்பெனிப் படையே கல்யாணக் கோஷ்டிக்குப் பயந்து திருச்சுழிக்குப் பின்வாங்கியிருந்தது.

ஸ்டோர் கீப்பர் மூட்டை கட்டினால் எப்படி இருக்கும்? பதினோரு பக்கப் பட்டியல் இருந்தது. பெட்டி ஒன்று, போர்க்களத் துணி, கரிசல் நிறம். பெட்டி இரண்டு, தெர்மகோல் மலைகள். பெட்டி மூன்று, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் செய்த கருவேல மரங்கள், நாற்பது. பெட்டி நான்கில் தாயக்கட்டை, டேப், விசில். பெட்டி ஐந்து, காயம்பட்ட சிப்பாய்களுக்கான வைத்தியசாலை. அதாவது பசை, பிரஷ், ஒடிந்தால் மாற்றுவதற்கு ஈட்டி. இப்படி ஒன்பது பெட்டி. போதாதென்று சுவரில் ஓர் அறிவிப்பு வேறு: ‘காராச்சேவு தின்ற கையால் சிப்பாயைத் தொடக்கூடாது. மீறினால் அந்தச் சிப்பாய் இறந்ததாகக் கருதப்படுவார்.’

ஒன்பது பெட்டியும் காலை ஒன்பது மணிக்கு பொன்ராஜின் லோடு ஆட்டோவில் அருப்புக்கோட்டையில் ஏறின. பத்தரைக்குத் திருச்சுழியில் எட்டுதான் இறங்கின. காணாமல் போனது ஒன்பதாவது. கம்பெனியின் குதிரைப்படை. அறுபது குதிரை, அறுபது வெள்ளைக்காரச் சிப்பாய், எல்லோருக்கும் சிவப்புக் கோட்டு. எட்டு மாதம் பூதக்கண்ணாடி வைத்து வண்ணம் தீட்டியது.

முஸாஃபர் ஏட்டையாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நாலு மணிக்குள் பெட்டி வரவில்லையென்றால் பொன்ராஜ் மேல் களவுப் புகார். பொன்ராஜுக்குத் திங்கட்கிழமையிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டும் வேலை உறுதியாகியிருந்தது. ஸ்டேஷன் வாசலை மிதித்த டிரைவரிடம் பிள்ளைகளை ஏற்ற மாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் முதலிலேயே சொல்லியிருக்கிறார்கள். லோடு ஆட்டோவோ நாளையோடு அவன் கையை விட்டுப் போகிறது. ஓனர் வேறு ஆளைப் பேசிவிட்டார். அவன் மண்டபத் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தான்.

இந்த இடத்தில்தான், முஸாஃபர் போன் போட்டு வரச்சொன்ன துப்பறிவாளர் இம்மானுவேல் வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஓய்வு பெற்ற மறுநாளே பாளையம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ‘இம்மானுவேல் சர்வதேசத் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டினார். அவர் இதுவரை போன அதிகபட்ச வெளிநாடு பக்கத்து ஊரான மல்லாங்கிணறு என்பது காளீஸ்வரியின் கருத்து. அவள் அவருடைய உதவியாளர். அதற்கு முன்னால் நூல் மில்லில் இருந்தாள். ஓடுகிற நூல் அறுந்தால், எங்கே அறுந்தது என்று பிடித்து முடிச்சுப் போடுகிற வேலை. இங்கேயும் அதேதான், சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு என்பாள். மில் மெஷினை விட இம்மானுவேல் குறைவாகப் பேசுவார் என்று இதற்கு அர்த்தமில்லை.

எட்டுப் பெட்டிகளையும் சுற்றி வந்த இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேருரை வரப்போகிறது என்பதற்கு அடையாளம் அது. வந்தது. சாதாரணத் திருடன் டேப்பையும் டிவியளவு இருக்கும் பெட்டியையும் விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் எடுப்பானா? மாட்டான். எதிரிதான் எடுப்பான். நாளைக்குப் பாளையக்காரர் பக்கம் ஆடப்போகிறவர் யார்?

மதுரையில் பல் டாக்டர் செல்லப்பாண்டி என்றார் முஸாஃபர். போன தடவை இவரிடம் தோற்றவர்.

“பாருங்க,” என்றார் இம்மானுவேல். “குதிரைப்படை இல்லாத கம்பெனி ஒரு மணி நேரம் தாங்காது. இது சதி.”

செல்லப்பாண்டிக்குப் போன் போடப்பட்டது. பக்கத்தில் யாரோ வாயைத் திறந்தபடி முனகுவது கேட்டது. காலையிலிருந்து ஒன்பது பல் பிடுங்கியிருப்பதாகவும், வேண்டுமானால் ஒன்பது பேரையும் சாட்சிக்கு அனுப்புவதாகவும், ஆனால் அவர்களால் இன்றைக்குப் பேச முடியாது என்றும் டாக்டர் சொன்னார். வைப்பதற்கு முன்னால், குதிரை கிடைக்கவில்லையென்றால் போட்டியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு வார்த்தை. முஸாஃபரின் முகம் கறுத்துவிட்டது. போன வருஷமும் இப்படித்தான் தள்ளிப்போனதாம். அதற்கு முந்தின வருஷமும்.

“சதி ஆழமா இருக்கு,” என்றார் இம்மானுவேல்.

“ஆமா சார். கடைவாய்ப் பல்லு வரைக்கும்,” என்றாள் காளீஸ்வரி.

அதற்குப் பிறகு இம்மானுவேல் செய்த காரியத்தை மட்டும் காளீஸ்வரியால் கேலி செய்ய முடியவில்லை. பொன்ராஜை அழைத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனார். வண்டியை எங்கேயாவது நிறுத்தினாயா, யாராவது ஏறினார்களா, எதையாவது இறக்கினாயா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். பதில் சொல்லும்போது பொன்ராஜ் கண் இமைக்காமல் அவர் முகத்தையே பார்த்தான்.

“தம்பி,” என்றார் இம்மானுவேல். “டிக்கெட் எடுக்காதவன் என்னைப் பாக்க மாட்டான். ஜன்னல் வழியா வெளிய மாடு மேயிறதப் பாப்பான். என் மூஞ்சியவே முறைச்சுப் பாக்கிறவன் வேற ஆளு. டிக்கெட் குடுக்காம ஆள் ஏத்தின கண்டக்டரு. நீ களவாணி இல்லை. யார ஏத்தின?”

பொன்ராஜ் குழாயைத் திறந்து மூடினான். மறுபடி திறந்தான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியது தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள் சார் என்று தொடங்கி, மெதுவாகச் சொன்னான். ஊர் எல்லையில் முத்துப்பேச்சி அக்கா பஸ்ஸுக்கு நின்றது. வெயில். பாதை பிரிகிற கருவக்காட்டு விலக்கில் இறங்கிக்கொள்கிறேன் என்று கேட்டது. சரி, பின்னால் சாமானோடு உட்காருங்க என்று ஏற்றினான். விலக்கில் இறக்கிவிட்டான். அது ஒன்றும் எடுக்காது சார், நல்ல மனுஷி.

“விலக்கில நிப்பாட்டினப்ப நீ என்ன செஞ்சுக்கிட்டிருந்த?” என்று காளீஸ்வரி கேட்டாள்.

“போன் பேசிக்கிட்டிருந்தேன்க்கா. பாய்தான் கூப்பிட்டாக. மெதுவாப் போ, மலை ஒடிஞ்சிரும்னாக. பதினஞ்சு கிலோமீட்டர்ல பதினோரு போனு.”

மூன்று மணிக்கு எல்லோரும் பொன்ராஜின் வண்டியிலேயே கிளம்பினார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் முஸாஃபர், பின்னால் காலித் தொட்டியில் இம்மானுவேலும் காளீஸ்வரியும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதைக் கண்டித்துக்கொண்டே இம்மானுவேல் ஏறினார். முத்துப்பேச்சி பல் டாக்டரின் கையாளாக இருக்கலாம் என்ற புதுக் கருத்து ஒன்று அவரிடம் உருவாகிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. கரிமூட்டம் போடுகிறவர்களின் புகை. காற்றில் அவருடைய கருத்துகளில் பாதி பறந்துவிட்டதில் காளீஸ்வரிக்கு வருத்தமில்லை.

அவளுடைய யோசனை வேறு இடத்தில் இருந்தது. காலையிலிருந்து எல்லோரும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒன்பதாம் நம்பர் பெட்டியைப் பார்த்தாயா? மண்டபத்தில் இருந்த எட்டும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டிகள். மூடி போட்டு, நம்பர் ஒட்டியவை. ஒன்பதாவது எப்படி இருக்கும் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. பட்டியலில் பெட்டி என்று இருந்ததால், எல்லோர் மனதிலும் அது பெட்டியாகவே இருந்தது.

ஷர்மிளா பானுவுக்குப் போன் போட்டாள். அவர் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டே பேசினார். பெட்டியா, அதுவா, என்று சிரித்தார். இணையத்தில் வாங்கிய ஸ்பாஞ்சு எட்டுப் பெட்டியோடு தீர்ந்துபோயிற்று. குதிரை மட்டும் மிச்சம். ஈட்டி வளையக்கூடாது, பெயிண்ட் உரசக்கூடாது என்று முஸாஃபர் ராத்திரியெல்லாம் தூங்காமல் நடந்துகொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் காலையில், அவர் மண்டபத்துக்கு முன்னால் கிளம்பின பிறகு, ஷர்மிளா பானுவே கட்டி வண்டியின் பின்னால் வைத்துவிட்டாராம். எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டாள் காளீஸ்வரி. கேட்கக் கேட்க அவளுடைய முகம் மலர்ந்துகொண்டே போனது. போனை வைத்துவிட்டு, டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைத் தட்டினாள்.

“பொன்ராசு, அந்தக்கா வீட்டுக்குப் போக வேணாம். விலக்குப் பக்கத்துல கோயிலு இருக்கா?”

“கண்மாய்க்கரையில அய்யனார் கோயிலு இருக்குக்கா.”

“அங்க விடு.”

இம்மானுவேல் ஏன் என்று கேட்டார். சர்வதேச அளவில் யோசித்துப் பாருங்கள் என்றாள்.

கோயில் வாசலில் ஆளுயர மண்குதிரைகள் இரண்டு வரிசையாக நின்றன. சிலதுக்குக் காது போயிருந்தது, சிலதுக்கு வால். உள்ளே அய்யனார் மீசையோடு உட்கார்ந்திருந்தார். அவர் காலடிப் படியில், கழுவித் துடைத்த கல்லின் மேல், அறுபது சிவப்புக்கோட்டுக் குதிரைவீரர்கள் ஆறு வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளைக்காரன் நெற்றியிலும் சந்தனப் பொட்டு. பொட்டின் நடுவே குங்குமம். முன்னால் நின்ற கர்னலின் தொப்பியில் ஒற்றை மல்லிகைப்பூ. எந்த அரசாங்கத்துக்கும் அந்தப் படை இவ்வளவு அடக்கமாக நின்றிருக்காது.

முஸாஃபர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் ஓலைக்கொட்டான் என்கிற பெரிய பனையோலைக் கூடை, மடித்துவைத்த மஞ்சள் துணி, வாடிய வேப்பிலை. இவ்வளவும்தான் ‘பெட்டி ஒன்பது’. மெத்தென்று இருக்கட்டும் என்று பழைய மஞ்சள் துணி. வரிசைக்கு வரிசை முட்டாமலும் பூச்சி அண்டாமலும் இருக்க வேப்பிலை. கொள்கிற அளவுக்கு வேறு பெட்டி இல்லாததால் ஓலைக்கொட்டான். ஷர்மிளா பானு ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் வைத்திருந்தார். ஆனால் மஞ்சள் துணிக்குள் வேப்பிலை, வேப்பிலைக்குள் குதிரை என்று பார்த்தால், இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் சாமிக்கு நேர்ந்துவிட்ட குதிரை என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவே தோன்றாது.

கோயில் நிழலில் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி எழுந்து வந்தாள். ஒளித்துப் பேச அவளிடம் ஒன்றும் இல்லை. நேர்ந்துகொண்டு வரமுடியாதவர்கள் இந்த வழியாகப் போகும் டிரைவர்களிடம் குதிரையைக் கொடுத்தனுப்புவது வழக்கம். வண்டி கோயிலைத் தாண்டுவதற்குள் இறக்கிவைத்துவிட வேண்டும். சாமி சாமானோடு தாண்டினால் வண்டிக்கு ஆகாது. பின்னால் உட்கார்ந்து வரும்போது முடிச்சு அவிழ்ந்து குதிரை எட்டிப் பார்த்தது. விலக்கு வந்தும் பொன்ராசு இறக்குகிற வழியைக் காணோம், போனில் இருந்தான். மறந்துவிட்டான் போலிருக்கு, பாவம், ஆக்ஸிடெண்டு ஆகிவிடப் போகிறது என்று அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். ஜாடையில் சொன்னாள், அவனும் தலையை ஆட்டினான். இத்தனை குதிரை நேர்ந்தவர்கள் பெரிய இடமாக இருக்கவேண்டும் என்று பூசாரி பொங்கல் வைத்தார். அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

“குற்றவாளி இவர்தான்,” என்று இம்மானுவேல் கர்ப்பக்கிரகத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

முஸாஃபர் எழுந்தார். இது நேர்த்திக்கடனுமில்லை ஒன்றுமில்லை, இது என் கம்பெனிப் படை, நாளைக்குப் போர் இருக்கிறது, கொடுத்துவிடுங்கள் என்றார்.

பூசாரி பால்ச்சாமி நிதானமான ஆள். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“தாராளமா எடுத்துக்கங்க பாய். சாமி யார்ட்டயும் பிடுங்கி வைக்கிறதில்ல. ஆனா ஒன்னு. நேர்த்தின்னு சொன்னா, இது சாமி குதிரை, எல்லையத் தாண்டாது. நேர்த்தி இல்லைன்னு சொன்னா, இது களவுச் சாமான். களவுச் சாமானச் சன்னதியில வச்சதுக்கு, கொண்டாந்தவளும் வண்டிக்காரனும் ஊருக்கு முன்னால நிக்கணும். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

முத்துப்பேச்சியின் முகத்தில் பொங்கல் ஆசை அடங்கிவிட்டது. பொன்ராஜ் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, சாவி போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி நாலுக்குப் பத்து நிமிஷம். முஸாஃபரின் போன் அடித்தது. ஏட்டையா.

முஸாஃபர் எடுக்கவில்லை. கர்னலைப் பார்த்தார். கர்னலின் மீசைக்கு மட்டும் மூன்று நாள் ஆனது என்று மண்டபத்தில் ஒருமுறை எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இம்மானுவேல் சட்டம் பேச வாயைத் திறந்தார். காளீஸ்வரி அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, முஸாஃபர் பக்கத்தில் போய் நின்றாள்.

“பாய், பதினாலு வருஷம் ஸ்டோர் பாத்திருக்கீங்க. உள்ள இருந்த சாமான் வெளிய போயிருச்சு. ஒன்னு களவு, இல்ல டெலிவரி. மூணாவதா ஒன்னு உண்டா?”

போன் நின்று, மறுபடி அடித்தது. முஸாஃபர் எடுத்தார்.

“ஏட்டையா, அஸ்ஸலாமு… வணக்கம். களவு இல்லை. டெலிவரி. நான்தான் குடுத்துவிட்டேன், மறந்துட்டேன். ஆமா. கோயிலுக்கு. ஆமா, நான்தான். சாமானப் பாத்துக்கிட ஒரு ஆளையும் நானே ஏத்திவிட்டேன். பொன்ராசு சொன்ன இடத்துல கரெக்டா எறக்கியிருக்கான். இல்ல, நல்லாத்தான் இருக்கேன். எழுதினதக் கிழிச்சிருங்க.”

அந்தப் பக்கம் ஏட்டையா வெகுநேரம் ஏதோ கேட்டார். வெயில் அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டு முஸாஃபர் வைத்தார்.

பொன்ராஜ் அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கினான். கோயில் தொட்டியில் தண்ணீர் மோந்து தலையில் ஊற்றிக்கொண்டான். இன்னொரு வாளி, இன்னொரு வாளி. பிறகு சொட்டச் சொட்ட வந்து, எட்டுப் பெட்டியையும் இங்கே கொண்டுவந்து போடவா பாய் என்று கேட்டான்.

அது நல்ல யோசனைதான். குதிரைகள் எல்லையைத் தாண்டக்கூடாதே தவிர, எல்லைக்குள் நகரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பூசாரியைக் கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்து, சாமி குதிரைகளும் காலை நீட்டி நடக்கவேண்டியதுதானே, பந்திக் கொட்டகை நாளைக்குச் சும்மாதான் கிடக்கிறது, ஆனால் ஜெயிக்கிற பக்கம் சாமி பக்கமாகத்தான் இருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். மதுரை டாக்டரிடம் இந்த விதியை யார் சொல்வது என்ற கவலை இம்மானுவேலுக்கு வந்தது. முஸாஃபருக்கு வரவில்லை. சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கொட்டகையின் நீள அகலத்தை அளக்கத் தொடங்கிவிட்டார்.

பொங்கல் வாழையிலையில் வந்தது. பூசாரி கையில் திருநீற்றுத் தட்டோடு முஸாஃபரிடம், நேர்த்தி யார் பேரில், என்ன வேண்டுதல் என்று கேட்டார். சாமியிடம் சொல்லவேண்டுமாம், முறை.

முஸாஃபர் டேப்பைச் சுருட்டினார். காளீஸ்வரி, இந்த மனுஷர் இப்போது ஏதாவது பெரிய வார்த்தையாக எடுத்துவிடுவார் என்று காத்திருந்தாள். அவர் எடுக்கவில்லை.

“வண்ணம் அடிக்கும்போது ஒன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். யார்ட்ட கேட்டேன்னு குறிச்சு வைக்கல,” என்றார். “ரெண்டு வருஷமா ஒருத்தரும் வரல. இந்தத் தடவையாவது அந்த எட்டுப் பேரும் வந்துரணும்.”

முத்துப்பேச்சி வாயருகே கொண்டுபோன பொங்கலை நிறுத்தினாள். படியில் நிற்கும் ஆறு வரிசையையும் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

“எம்மவளுக்கு நல்ல இடமா அமையணும்னு நான் ஒத்தக் குதிரதான் வச்சேன். அது அமைஞ்சு, பேரனும் பொறந்தாச்சு,” என்றாள். “எட்டுப் பேரு விளையாட வாரதுக்கா பாய், இம்புட்டுக் குதிர?”

முஸாஃபர் குனிந்து, மூன்றாம் வரிசையில் கோணிக்கொண்டு நின்ற ஒரு குதிரையை விரல் நுனியால் நேராக்கினார். பூசாரி தடுக்கவில்லை.